ஆயிரம் கைகளின் இலக்கணம்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணியின் நீளம் ஏறக்குறைய 125 கிலோமீட்டர். 2023 டிசம்பரில் இந்தியாவின் உலகளாவிய வானிலை மாதிரி, பூமியைப் பன்னிரண்டு கிலோமீட்டர்ச் சதுரங்களாகப் பிரித்து மழையைக் கணித்துக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கில் எங்கள் ஆறு பத்துச் சதுரங்களுக்குள் அடங்கிவிடும். அம்மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அதே நாளில் பாளையங்கோட்டையில் அதில் பாதிகூட இல்லை. கனமழை வரும் என்று அறிவித்திருந்தார்கள். இத்தனை மழை, இந்த இடத்தில் என்று யாரும் அறிவிக்கவில்லை. ஆறு ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கிடந்தார்கள்.

சதுரத்தைச் சிறிதாக்கினால் என்ன என்று யாருக்கும் தோன்றும். பன்னிரண்டை ஆறாக்கினால் நீளவாக்கில் இரண்டு மடங்கு, அகலவாக்கில் இரண்டு மடங்கு, நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டும் என்பதால் இன்னும் இரண்டு மடங்கு. ஆக எட்டு மடங்கு கணக்கு. இதையெல்லாம் மழை பெய்து முடிந்தபின் செய்து பயனில்லை. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். 2025 மே மாதம் ஆறு கிலோமீட்டர்ச் சதுரங்களில் கணிக்கும் 'பாரத் முன்கணிப்பு அமைப்பு' நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு புனேயில் 'அர்கா'வும் நொய்டாவில் 'அருணிகா'வும் நிறுவப்பட்டிருந்தன. இரண்டும் மீக்கணினிகள்.

உயர்செயல்திறன் கணிப்பு என்ற சொல் இயற்பியல், பொறியியல் துறைகளின் சொத்துப் போலத் தோன்றினாலும், வெள்ளம் வீட்டுக்குள் வருமா வராதா என்பது அதைப் பொறுத்திருக்கிறது. அதன் வரலாற்றை இயந்திரங்களின் பெயர்களாலும் அவற்றைத் திறந்துவைத்த ஆண்களின் பெயர்களாலும் எழுதுவதே வழக்கம். இயந்திரத்துக்குள் இருக்கும் கருத்தின் வழியே அதே வரலாற்றை எழுதிப் பார்த்தால் வேறு ஆட்கள் எதிர்ப்படுகிறார்கள்.

பீடிக்கடை வரிசை

மீக்கணினி என்றதும் அசுர வேகத்தில் ஓடும் ஒற்றை இயந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு தனிச் செயலியின் வேகம் 2005ஐ ஒட்டியே ஏறக்குறைய நின்றுவிட்டது. அதற்கு மேல் ஓட்டினால் சூடு தாங்காது. இன்றைய மீக்கணினி என்பது ஆயிரக்கணக்கான செயலிகள் ஒரே வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் கூட்டம். வேலையை எப்படிப் பங்கிடுவது, யார் யாருக்காகக் காத்திருப்பது, எப்போது ஒன்று சேர்வது என்பதுதான் இணைக் கணிப்பின் மொத்தப் பாடமும்.

இந்தப் பாடத்தை முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஆலங்குளத்திலும் பீடி சுற்றும் பெண்கள் நன்றாக அறிவார்கள். இலையை நனைக்கிறாள் ஒருத்தி. அளவு பார்த்து வெட்டுகிறாள் இன்னொருத்தி. சுளகை மடியில் வைத்துத் தூள் போட்டுச் சுற்றுகிறார்கள் மூவர். பள்ளிவிட்டு வந்த பிள்ளை நூல் கட்டுகிறது. கை கூடக்கூட வேலை விரைவாக முடிகிறது. ஆனால் முடிந்த பீடியைக் கொண்டுபோய்ப் பீடிக்கடையில் வரிசையில் நின்று, தரம் பார்ப்பவர் கழித்தது போக எண்ணிக் கொடுத்து, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கி வருவது ஒருத்தியின் வேலை. அங்கே பத்துப் பேர் போய் நின்றாலும் வரிசை நகரும் வேகம் கூடாது.

1967இல் அமெரிக்கக் கணினிப் பொறியாளர் ஜீன் ஆம்டால் சொன்னது இதையே. இன்று அவர் பெயரால் 'ஆம்டால் விதி' எனப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வேலைக்கு நூறு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 95 நிமிட வேலை பங்கிடக்கூடியது, 5 நிமிடம் வரிசையில் நிற்பது. பத்தொன்பது பேர் சேர்ந்தால் 95 நிமிட வேலை 5 நிமிடமாகும். வரிசையின் 5 நிமிடம் அப்படியே இருக்கும். மொத்தம் பத்து நிமிடம், அதாவது பத்து மடங்கு வேகம். தொண்ணூற்றைந்து பேர் சேர்ந்தாலும் ஆறு நிமிடத்துக்குக் கீழே போகாது. எண்ணற்ற கைகள் வந்தாலும் இருபது மடங்குதான் எல்லை. கோடிக்கணக்கில் செலவழித்துச் செயலிகளை அடுக்குபவர்களும் இந்தப் பீடிக்கடை வரிசையைத் தாண்ட முடியாமல்தான் தவிக்கிறார்கள்.

ஆயிரம் பெண்கள் என்ற அளவை

ஆங்கிலத்தில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஒரு மனிதரைக் குறித்தது. கணக்குப் போடும் வேலையில் இருப்பவர் என்பது அதன் பொருள். 1938இல் நியூயார்க்கில் தொடங்கிய கணித அட்டவணைத் திட்டத்தில், பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஆண்களும் பெண்களுமாக நானூற்றுக்கும் மேற்பட்டோர் கணக்கிட்டார்கள். அவர்களில் பலருக்குப் பள்ளிக் கணிதமே முழுதாகத் தெரியாது. கடினமான சார்புகளைக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்ற சிறு படிகளாக உடைத்து, யார் தாளிலிருந்து யார் தாளுக்கு எண் போக வேண்டும் என்று வகுத்துக்கொடுத்தவர் கெர்ட்ரூட் பிளான்ச். போலந்தில் பிறந்து, 1935இல் முனைவர் பட்டம் பெற்ற பெண் கணிதவியலாளர். அவருடைய பணித்தாள்களை இன்று பார்க்கும் ஒருவர் அவற்றை இணைக் கணிப்பு நிரல் என்றே சொல்வார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த வேலை பெரும்பாலும் பெண்களிடம் வந்தது. அப்போது அமெரிக்கக் கணிதவியலாளர் வட்டாரத்தில் கணக்கிடும் உழைப்பை அளக்க ஒரு வேடிக்கைச் சொல் புழங்கியது: 'கிலோகேர்ள்'. கிலோகிராம் போல, ஆயிரம் பெண். இன்று மீக்கணினியின் ஆற்றலை டெராஃப்ளாப் என்று அளக்கிறோம். அதற்கு முந்தைய அளவை பெண்ணுடல். சொன்னவர்கள் சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தச் சொல் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது: இயந்திரம் வருமுன் அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்பதை.

1946 பிப்ரவரியில் 'எனியாக்' கணினி உலகுக்குக் காட்டப்பட்டது. பீரங்கிக் குண்டின் பாதையைக் கையால் கணிக்கப் பல மணி நேரமாகும். எனியாக் அரை நிமிடத்துக்குள் முடித்தது. அதன் இருபது கூட்டுப் பெட்டிகள் ஒரே சமயத்தில் இயங்கக்கூடியவை. எந்தப் பெட்டி எப்போது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று கம்பி இணைத்து நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கேத்லீன் மக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். ஆறு பேரும் முன்பு கையால் குண்டுப்பாதை கணித்தவர்கள். அறிமுக விழாவில் அவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. இயந்திரத்தோடு அவர்கள் நிற்கும் புகைப்படங்கள் இருந்தும், அவர்கள் யார் என்று 1980களில்தான் தேடத் தொடங்கினார்கள்.

தாம்பரம், 1974

இந்தக் கதையை அமெரிக்காவோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. நம்மிடமே ஒரு கதை இருக்கிறது, இன்னும் ஆழமானது.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர் ராணி சிரோமணி (1929–2019). அவருடைய ஆய்வு மாணவி கமலா கிருத்திவாசன். பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராகி, கணினித் துறைத் தலைவராகவும் இருந்தவர். ராணியின் கணவர் கிஃப்ட் சிரோமணி அதே கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். மூவரும் சேர்ந்து 1970களின் தொடக்கத்தில் கோலத்தைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுவந்தார்கள். 1974இல் வெளியான ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே கோலம் இருக்கிறது.

நான் தமிழ் படித்தவள். எனக்கு அவர்களின் வேலை புரிந்தது இலக்கணத்தின் வழியேதான். 'மரம்' என்பதோடு 'கள்' சேர்ந்தால் 'மரங்கள்'. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு குளம், பழம், படம் எல்லாவற்றையும் பன்மையாக்கலாம். சிறிய விதிகளிலிருந்து முடிவற்ற சொற்றொடர்கள் பிறக்கின்றன என்பதைக் கணித மொழியில் எழுதியவர் சோம்ஸ்கி. சொற்களுக்கு மட்டுமா இலக்கணம், படத்துக்கும் உண்டு என்று காட்டின தாம்பரத்துக் கட்டுரைகள். ஒற்றை வரியாக எழுதும் விதிகளை அவர்கள் இரு திசைகளில் விரித்தார்கள். அவர்களின் ஒரு முறையில், முதலில் கிடைவரிசை பிறக்கிறது; பிறகு எல்லா நெடுவரிசைகளும் ஒரே சமயத்தில் கீழ்நோக்கி வளர்கின்றன. வாசலில் புள்ளிவரிசை வைத்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாக இராது.

அதே 1974இல் ராணியும் கமலாவும் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். அதன் தலைப்பைத் தமிழில் 'இணைச் சூழல்சாரா மொழிகள்' எனலாம். அதன் கருத்து எளிமையானது. 'அ' என்ற எழுத்தை 'அஅ' என்று மாற்றலாம் என்பது விதி. ஒரு நேரத்தில் ஓர் இடத்தில் மட்டும் மாற்றினால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எல்லா நீளங்களும் கிடைக்கும். ஆனால் 'அ' எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும் என்று கட்டளையிட்டால்? ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. விதி மாறவில்லை, கைகள் சேர்ந்து அசைந்தன, மொழியே வேறாகிவிட்டது. ஒவ்வொன்றாக மாற்றும் சூழல்சாரா இலக்கணம் எதனாலும் இந்த இரட்டிப்பு வரிசையை மட்டும் தனியே பிறப்பிக்க முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அடைப்புக்குறிகள் சரியாகத் திறந்து மூடும் வரிசைகளை எல்லாம் சாதாரண இலக்கணம் எளிதில் பிறப்பிக்கும். எல்லாக் கைகளும் ஒன்றுபோல அசையும் இணை இலக்கணத்தால் அது முடியாது. அதுவும் அக்காலத்திலேயே நிரூபிக்கப்பட்டது. சேர்ந்து செய்தால் எல்லாம் கூடும் என்ற எளிய முழக்கத்தைக் கணிதம் ஏற்கவில்லை. சேர்ந்து அசைவதால் சில கிடைக்கும், சில இழக்க நேரும்.

இன்றைய மீக்கணினிகளின் வேகத்துக்குப் பெரிய காரணம் வரைகலைச் செயலிகள். ஆயிரக்கணக்கான சிறு அலகுகள் ஒரே கட்டளையை வெவ்வேறு எண்களின் மேல் ஒரே சமயத்தில் நிறைவேற்றுகின்றன. தாம்பரத்துக் கட்டுரையிலிருந்து இந்தச் செயலிகள் பிறந்தன என்று பெருமைக்காகச் சொல்லிவிடக் கூடாது. வன்பொருளுக்கு வேறு தடம் இருக்கிறது. ஆனால் 'எங்கும் ஒரே விதி, ஒரே கணத்தில்' என்று வேலை செய்தால் எது இயலும், எது இயலாது என்ற கேள்வியைக் கணிதமாகக் கேட்டவர்களில் முன்வரிசையில் இரு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். அதைத் தயங்காமல் சொல்லலாம்.

அவர்கள் பெயருக்கு என்ன ஆனது? உலகின் இலக்கணக் கோட்பாட்டு நூல்களில் அவர்கள் வகுத்த முறை 'இந்திய இணை இலக்கணம்' என்று அழைக்கப்படுகிறது. ஆம்டாலின் விதி ஆம்டால் விதி. லிண்டன்மேயர் 1968இல் தந்த இணை மாற்றுமுறை, அவர் பெயரின் முதலெழுத்தைத் தாங்கி 'எல் முறைமை'. ராணியும் கமலாவும் தந்தது மட்டும் ஒரு நாட்டின் பெயரில். அடிக்குறிப்புக்குப் போனால் ஆர். சிரோமணி, கே. கிருத்திவாசன் என்றிருக்கும். ஆர். என்பது ராணி, கே. என்பது கமலா என்று சொல்ல ஆள் வேண்டும். படங்களுக்கான முறைக்குச் 'சிரோமணி அணி இலக்கணம்' என்ற பெயர் உண்டு. ஆனால் கணவரும் மனைவியும் பகிர்ந்த அப்பெயரைப் படிக்கும்போது நம் மனத்தில் எழும் உருவம் யாருடையது என்று அவரவர் கேட்டுக்கொள்ளலாம். மூன்றாமவரான கமலா அந்தப் பெயரில் இல்லவே இல்லை.

இன்னும் ஒரு படி கீழே இறங்கினால், அந்தக் கோலங்களைப் புள்ளி வைத்து இழுத்த பெண்கள் இருக்கிறார்கள். கோலம் போடுபவர் நினைவில் வைத்திருப்பது அடுத்தடுத்த கை அசைவுகளின் வரிசையை என்பது தாம்பரம் ஆய்வுகளின் முக்கியமான கவனிப்பு. கம்பிக் கோலத்தை அத்தகைய அசைவுகளாக எழுதிக்காட்டிய கட்டுரை 1989இல் வந்தது. அசைவுகளின் வரிசை என்றால் நிரல் என்று பொருள். 1980களில் பிரஷெம்ஸ்லா புருசின்கேவிச் எல் முறைமையைக் கொண்டு கணினித்திரையில் நம் கோலங்களை வரைந்தார். அவை உலகெங்கும் பாட எடுத்துக்காட்டாயின. ஆய்வாளருக்கு அடிக்குறிப்பாவது கிடைத்தது. வாசல் தெளித்தவளுக்கு அதுவும் இல்லை.

திருச்சியில் ஒரு பரம்பொருள்

இந்திய மீக்கணினிகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1980களின் இறுதியில் தில்லியின் வானிலைக் கணிப்புக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கிரே இயந்திரம் கட்டுப்பாடுகளோடு வந்தது. நாமே செய்துகொள்ளலாம் என்று 1988இல் புனேயில் 'சி-டாக்' நிறுவனம் தொடங்கப்பட்டு, 1991இல் 'பரம் 8000' வெளிவந்தது. ஒற்றை அசுரச் செயலி கிடைக்காத நாடு, சிறு செயலிகளைக் கூட்டாக இயக்கும் வழியைத் தேர்ந்தது. 2004இல் சென்னைத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனம் 144 கணினிகளைப் பிணைத்துக் 'கப்ரு'வை அமைத்தது. அது உலகின் முதல் ஐந்நூறு மீக்கணினிகளின் பட்டியலில் இடம்பெற்றது. 2015இல் 4,500 கோடி ரூபாயில் தேசிய மீக்கணினித் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன்கீழ் 2022 மே 25 அன்று திருச்சி என்.ஐ.டி.யில் 'பரம் பொருள்' திறக்கப்பட்டது. அதன் திறன் 838 டெராஃப்ளாப்: விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. திருநெல்வேலியிலிருந்து அரைநாள் பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது. அங்கே போகவே தேவையில்லை என்பதுதான் நான் சொல்லவரும் செய்தி.

விடுதிக் கதவும் வேலை வரிசையும்

நான் பாடம் நடத்திய ஒரு கல்லூரியில் பெண்கள் விடுதியின் கதவை மாலை ஆறரைக்குப் பூட்டுவார்கள். ஆய்வகம் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். அந்த இரண்டரை மணி நேரம் யாருக்கானது என்று எழுதிவைக்க வேண்டியதில்லை, கதவே சொல்லிவிடும். அறிவியல் மாணவி ஒருத்தி தன் கணக்கை ஓடவிட்டுவிட்டு வகுப்புத் தோழனிடம் "முடிஞ்சதும் காப்பி எடுத்து வைப்பா" என்று கேட்டு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். யார் முடிவை முதலில் பார்க்கிறாரோ அவரே அடுத்த கேள்வியை முதலில் கேட்கிறார். ஆய்வில் அது சிறிய விஷயமில்லை.

மீக்கணினி இருக்கும் இடத்தில் நாம் இருக்க வேண்டியதில்லை. கணக்குப் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால், பழைய மடிக்கணினியிலிருந்தே அதன் நுழைவுக் கணினிக்குள் போகலாம். அங்கே கனமான வேலை எதையும் ஓட்டக் கூடாது. அது பீடிக்கடைத் திண்ணை மாதிரி, எல்லோரும் வந்துபோகும் இடம். எத்தனை செயலி வேண்டும், எவ்வளவு நேரம், எந்த நிரல் என்று ஒரு சிறு கோப்பில் எழுதி வரிசையில் சேர்க்க வேண்டும். 'ஸ்லர்ம்' போன்ற ஒரு வரிசை மேலாளர் முறை வரும்போது அதை இயக்கும். நீங்கள் தூங்கும்போது உங்கள் வேலை நடக்கும். காலையில் முடிவு உங்கள் பெயரிலான அடைவில் காத்திருக்கும், வேறு யாரும் எடுத்துவைக்க வேண்டாம். தேசியத் திட்டத்தின் இயந்திரங்களை வெளி நிறுவன ஆய்வாளர்களும் விண்ணப்பித்துப் பயன்படுத்த வழி உண்டு. உலகின் முதல் ஐந்நூறு மீக்கணினிகளும் இயங்குவது லினக்ஸில். அது இலவசம், வீட்டிலேயே பழகலாம்.

தமிழ் மாணவிக்கு இதில் என்ன வேலை? ஒரு கணக்கு சொல்கிறேன். பழைய பெண்கள் இதழ்களின் நாற்பதாயிரம் பக்கங்களைப் படமெடுத்து வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். ஒரு பக்கத்தின் எழுத்தை அடையாளம் காண முப்பது விநாடி ஆனால், ஒரு செயலிக்கு இரவும் பகலுமாக ஏறக்குறைய பதினான்கு நாள். ஒரு பக்கம் மறுபக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் இது முழுதாகப் பங்கிடக்கூடிய வேலை. நூறு செயலிகளில் மூன்று மணி இருபது நிமிடம். அச்சுத் தமிழெழுத்தைக் கணினி அடையாளம் காண்பது பற்றிக் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1978லேயே எழுதினார்கள். 'கற்பு' என்ற சொல் எந்தப் பத்தாண்டில் எந்தச் சொற்களோடு சேர்ந்து வந்தது, 'விதவை' எப்போது 'கைம்பெண்' ஆனாள் என்று தேட விரும்புபவளுக்கு இந்த வேகம் தேவை. கல்வெட்டுப் படங்கள், ஓலைச்சுவடிகள், நாட்டார் பாடல் ஒலிப்பதிவுகள் எல்லாம் காத்துக் கிடக்கின்றன.

விண்ணப்பப் படிவத்தில் நெறியாளரின் கையொப்பம் கேட்பார்கள். தமிழ்த்துறை மாணவிக்கு மீக்கணினி எதற்கு என்று அவர் சிரிக்கவும் கூடும். அப்போது அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். தாம்பரத்தில் இலக்கணமும் கோலமும் கணினியும் ஒரே மேசையில் இருந்த 1974ஐயும் சொல்லுங்கள். ஆய்வேட்டில் 'இந்திய இணை இலக்கணம்' என்று எழுத நேர்ந்தால், பக்கத்திலேயே ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்று முதலெழுத்துகளை விரித்து முழுப்பெயராக எழுதுங்கள். பாட்டியிடம் கேட்டு எழுதிய கோலமாக இருந்தால் பாட்டியின் பெயரையும் சேருங்கள். அதற்கு மீக்கணினி வேண்டாம், ஒரு வரி இடம் போதும்.